ஐயம் தீராக் களவு: மணிமேகலைக் காப்பியத்துப் பீலிவளை

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தின் முப்பது காதைகளுள் 24, 25, 29 ஆகிய மூன்றில், நாகநாட்டு வேந்தன் வளைவணனுக்கும் அவன் தேவி வாசமயிலைக்கும் பிறந்த பீலிவளை என்னும் இளமகளின் வரலாறு பேசப்படுகின்றது. மூன்றிடத்தும் அது பிறர் வாயிற் கேட்கும் கதையாகவே வருகின்றது. பீலிவளை காப்பிய அரங்கில் நேரே தோன்றுவதில்லை. புகார்க் கானலில் ஒருநாள் தோன்றிச் சோழன் நெடுமுடிக்கிள்ளியொடு ஒரு திங்கள் கூடியிருந்து, சொல்லாது மறைந்தாள் என்பதும், ஈன்ற மகவை மணிபல்லவத்தில் வணிகன் ஒருவன் கையில் ஒப்படைத்தாள் என்பதுமே அவளைப் பற்றி யாம் அறிவன.

1898ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்த பின்னர், இவ்வரலாறு பெரும்பாலும் இரு நோக்கில் ஆராயப்பட்டு வந்துள்ளது. தொண்டையர், பல்லவர் முதலியோரின் குலத்தோற்றத்திற்கு இது சான்றாகுமா என்பது ஒன்று. புகார் கடல்கோட்பட்டதற்கு இது காரணமானவாறு எங்ஙனம் என்பது மற்றொன்று. முன்னதில் பீலிவளை ஒரு மரபினைத் தோற்றுவித்த கருவி. பின்னதில் ஒரு மாநகரைக் கெடுத்த கருவி. அவள் ஒரு காதலின் தலைவி என்பது இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. சாத்தனார் இக்கதையைத் தமிழ்க் களவு மரபின்மேல் வைத்துக் கட்டினார் என்பதும், அம்மரபின் ஒரு படியைத் தெரிந்தே நிறைவேறாது விட்டார் என்பதும், அவ்வாறு விட்ட இடத்திலேயே கதையின் பொருள் தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வன.

மூவர் கூறும் கதை

முதலிற் கதை கூறுபவள் சித்திராபதி. அவள் கூறும் இடமும் காலமும் கருதத்தக்கன. உதயகுமரன் காஞ்சனன் வாளால் இறந்துவிட்டான். மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலைக்குத் தீங்கிழைக்கப் பலவாறு முயன்று, தோற்று, அவள் அறவுரையால் மனம் மாறியிருக்கின்றாள். இந்நிலையில் தேவியின் அடியில் வீழ்ந்து, தன் பேர்த்தியைத் தன்பால் விடுமாறு வேண்டும் சித்திராபதி, வேண்டுகோளினிடையே இக்கதையை எடுத்துரைக்கின்றாள். கணவன் மற்றொருத்தியொடு கானலிற் கூடிய செய்தியை மனைவியே கேட்டிருக்கின்றாள். மகனைப் பறிகொடுத்த தாய், தன் கணவனுக்கு வேறொரு மகன் வரவிருக்கின்றான் என்பதைக் கேட்டிருக்கின்றாள். இதனைவிடக் கொடிய அவை வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் தேவி மறுமொழி கூறும்போது மணிமேகலையைப் பற்றி மட்டுமே பேசுகின்றாள்: கணிகையர் வாழ்வை இழிந்ததென வெறுத்து நீங்கியவள் மீண்டும் அம்மனை புகாள், தன்னொடு இருப்பாள் என்கின்றாள். பீலிவளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சொல்லின்மையைப் புலவர் மறதி எனக் கொள்ளுதற்கில்லை. துயரால் அறம் உணர்ந்த ஒருத்தி, பொறாமைக்குரிய செய்தியைக் கேட்டும் அதனைப் பற்றாது விடுகின்றாள் என்பதே அவ்விடத்துப் பொருள் என யாம் கருதுகின்றோம்.

இரண்டாவதாகக் கூறுபவள் மணிபல்லவத்துப் பீடிகையைக் காக்கும் தீவதிலகை. புகார் கடல்வயிறு புக்கதன் காரணத்தை மணிமேகலைக்கு உணர்த்துவது அவள் நோக்கம். ஆகவே காதற்பகுதி அவள் கூற்றில் இல்லை. மகவு, கலம், தந்தை துயர், விழா ஒழிவு, சாபம், கடல்கோள் என்ற தொடர்ச்சியே உண்டு. மூன்றாவதாக, காஞ்சியில் அறவண அடிகள் அந்நிகழ்ச்சிகளையே மேலும் சுருக்கிக் கூறுகின்றார். கணிகை காதலைக் கூறினாள்; தெய்வம் காரணத்தைக் கூறிற்று; துறவி விளைவைக் கூறினார். ஒருவர் கூறியதை ஒருவர் மறுக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நிலைக்கேற்ற பகுதியை எடுத்துக்கொள்கின்றனர். ஆதலின் பீலிவளையை மதிப்பிடப் புகுவோர், எவர் கூற்றைக் கொண்டு மதிப்பிடுகின்றோம் என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். தீவதிலகை கூற்றை மட்டும் கொண்டோர்க்கு அவள் நகர் அழிவின் தொடக்கமாகவே தோன்றுவாள்.

ஐயமும் தெளிவும்

தலைவன் தலைவியை முதன்முதற் காணும்போது, இவள் மானிடமகளோ அணங்கோ என ஐயுறுதல் களவின் தொடக்கம். உயர்ந்த பொருளைக் கண்டவிடத்து ஐயம் சிறந்தது எனத் தொல்காப்பியர் களவியலிற் கூறி, அவ்வையத்தைக் களையும் கருவிகளையும் அடுத்துத் தொகுக்கின்றார். மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, எழுதிய தொய்யில், சூடிய பூ, கண், தடுமாற்றம், இமைப்பு, அச்சம் என்பன அவை. பூ வாடுகின்றது, கண் இமைக்கின்றது. ஆகவே இவள் மண்ணுலகத்தாள் என்று தலைவன் தெளிகின்றான். திருக்குறளின் காமத்துப்பாலும் தகையணங்குறுத்தல் என்னும் 109ஆம் அதிகாரத்தில் இவ்வையத்தினின்றே தொடங்குகின்றது. ஐயம் காதலுக்கு அழகு. தெளிவு காதலுக்கு அடிப்படை. தெளிந்த பின்னரே குறிப்பறிதலும் கூட்டமும் நிகழும். அவற்றின் வழியே வரைவும் கற்பும் வரும்.

நெடுமுடிக்கிள்ளி பீலிவளையைக் கண்ட இடம் புன்னைமரம் நிழல் செய்யும் கானற்பொழில். நெய்தல் நிலத்திற்குரிய களம் அது. தனித்து நின்ற அவளை இன்னாள் என அரசன் அறியான் எனச் சாத்தனார் கூறுகின்றார். ஐயத்தின் வாயில் இங்குத் திறக்கின்றது. ஆயின் தெளிவின் வாயில் திறக்கவில்லை. பூவையும் இமைப்பையும் கொண்டு அவன் ஆராய்ந்ததாகப் பாட்டில் இல்லை. யார் எனக் கேட்டதாகவும் இல்லை. அவள் சொன்னதாகவும் இல்லை. அறியாமலே கூடி, அறியாமலே ஒரு திங்கள் உடனிருந்து, அறியாமலே இழந்தான். அக மரபில் ஐயம் பொய்த்துப்போதற்கென்றே தோன்றுவது. அணங்கோ என்று ஐயுற்ற தலைவன் அணங்கன்று எனத் தெளிவான். பீலிவளை திறத்திலோ அவ்வையம் மெய்யாகவே இருந்தது. அவள் உண்மையிலேயே வேற்றுலகத்தாள். ஐயுறுதற்குரிய இடத்தில் ஐயுறாது கூடியவனின் கதை இது.

அக மரபில் ஒருவரையொருவர் அறியாமை குற்றமன்று என்பது உண்மையே. செம்புலப் பெயனீரார் பாடிய 40ஆம் குறுந்தொகைப் பாட்டின் காதலரும் முன் உறவு இல்லாதவரே. ஆயின் அங்கு அறியாமை உறவினால் வெல்லப்படுகின்றது. இரு நெஞ்சும் ஒன்றாகக் கலந்தபின் முன்னை அயன்மை பொருளற்றதாகின்றது. இங்கு ஒரு திங்கட் கூட்டமும் அவ்வயன்மையைக் கரைக்கவில்லை. கூட்டம் நிகழ்ந்தும் அயலாளாகவே அவள் மறைகின்றாள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்கு இருக்கவேண்டிய ஒப்புமைகள் பத்தினைக் கூறுவர். அவற்றுள் முதலாவது பிறப்பு; ஆண்டும் அவற்றுள் ஒன்று. களவியலுரை, தலைவனைப் பதினாறாட்டைப் பருவத்தனாகவும் தலைவியைப் பன்னீராட்டைப் பருவத்தளாகவும் கொள்ளும். நெடுமுடிக்கிள்ளியோ உதயகுமரன் போன்ற காளைப்பருவத்து மகனை உடையவன். பீலிவளையின் ஆண்டு நூலிற் கூறப்படவில்லை எனினும், இளங்கொடி போன்ற சொற்களாலேயே அவள் சுட்டப்பெறுகின்றாள். பிறப்பும் ஒவ்வாது, ஆண்டும் ஒவ்வாது. களவின் களமும் பூவும் கூட்டமும் எல்லாம் இருக்க, களவினைக் காதலாக்கும் ஒப்பு மட்டும் இல்லை. களவொழுக்கம் இரு திங்களுக்குள் அடங்கும் என்பது இறையனார் அகப்பொருள் வகுத்த வரம்பு. அவ்வரம்பின் பாதியிலேயே, வரைவு நோக்கிச் செல்லாது, இக்களவு அறுந்துவிடுகின்றது.

பெயர் வெளிப்படும் இடம்

பிரிந்தவளைத் தேடும் அரசன்முன் சாரணன் ஒருவன் தோன்றுகின்றான். நிலத்தினுள் மூழ்கவும் விசும்பில் ஏறவும் நீரில் திரியவும் வல்லவனாகச் சாத்தனார் அவனை அறிமுகம் செய்கின்றார். இஃது அணிக்காகக் கூறிய அடைமொழி அன்று. மூவிடத்தும் செல்ல வல்லவன் ஒருவனே, மண்ணுலகத்து வேந்தன் அறியாத மகளின் பெயரை அறிந்திருத்தல் கூடும். அவளைத் தான் இப்போது காணவில்லை என்றும், முன்னரே அறிவேன் என்றும் கூறி, அவள் தந்தை, தாய், நாடு, பெயர் அனைத்தையும் சாரணன் முறையே உரைக்கின்றான்.

அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் பாட்டு அகம் ஆகாது, புறத்தின்பாற் படும். பீலிவளை அரசனொடு இருந்த ஒரு திங்களும் பெயரில்லாதவளாகவே இருந்தாள். அவள் பெயர் கதையில் வெளிப்படுவது அவள் மறைந்த பின்னரே. பெயர் வந்தவுடன் தந்தை வந்தான், நாடு வந்தது, குலம் வந்தது, கணியின் வாக்கு வந்தது, பிறக்கவிருக்கும் மகன் வந்தான். ஒரு காதல், அப்பெயரைக் கேட்ட நொடியில், அரச குலங்களின் செய்தியாக மாறிவிட்டது. அகம் முடிந்து புறம் தொடங்கும் எல்லைக்கோடாகச் சாரணன் நிற்கின்றான். பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் இக்கோட்டிற்கு அப்பாலிருந்தே கதையைப் படிக்கத் தொடங்கினர் என்பது எம் கருத்து.

சாரணன் கூறியவை மூன்று. பரிதி குலத்து ஒருவனைக் கூடிக் கருவொடு மீள்வாள் என அவள் பிறந்த நாளிலேயே கணி உரைத்தான் என்பது முதலாவது. மகன் வருவான், அவள் வாராள், வருந்தற்க என்பது இரண்டாவது. தீவகச் சாந்தியாகிய இந்திர விழாவினைச் செய்யாத நாளில் நகர் கடலுட் புகும் என்பது மூன்றாவது. ஆறுதலும் எச்சரிக்கையும் ஒரே மூச்சில் அரசனுக்குக் கிடைத்தன. மகன் வருவான் என்பதை அவன் நெஞ்சு பற்றிக்கொண்டது. விழா பற்றிய எச்சரிக்கை, அம்மகனைத் தேடும் நாளில், அந்நெஞ்சினின்று நழுவியது.

பிலத்துக் கதைகளும் கானற் கதையும்

நாகமகளைக் கூடிய வேந்தனின் கதை சாத்தனார் ஒருவர்க்கே உரியதன்று. பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவன் கடல் திரை தந்த மரபினன் என்ற அளவிலேயே கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறிக்கின்றார், நாகமகள் அங்கில்லை. அவ்விடத்திற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரே கதையை விரிக்கின்றார். நாகபட்டினத்துச் சோழன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னியைக் கூடினான். பிறக்கும் புதல்வனை என் செய்வேன் என அவள் வினவினாள். தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக, கரையேறின் அரசுரிமை தருவேன் என அவன் கூறினான். அவ்வாறே மகவு திரையால் வந்தது என்பது அவர் தரும் செய்தி. சயங்கொண்டாரும் கலிங்கத்துப்பரணியின் இராசபாரம்பரியத்தில், பிலத்தின் வழியே தனியே நடந்து நாகர் மகளைக் கொண்ட சோழனைச் சுட்டுகின்றார். பாரதத்தின் ஆதிபருவத்தில், கங்கையில் நீராடிய அருச்சுனனை நீரினுள் ஈர்த்துச் சென்ற உலூபியும் கௌரவியன் என்னும் நாகவேந்தன் மகளே.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், சாத்தனார் செய்த வேறுபாடு புலனாகும். ஏனைக் கதைகளில் ஆடவன் கீழுலகிற்குச் செல்கின்றான். தானே சென்றாலும் பிறரால் ஈர்க்கப்பட்டாலும் தான் இருக்கும் இடம் எதுவென அவன் அறிவான். மணிமேகலையிலோ கீழுலகம் மேலே வருகின்றது. தன் நாட்டில், தன் தலைநகரின் கானலில் நின்றுகொண்டே அரசன் வேற்றுலகத்தைத் தொடுகின்றான். தொட்டது வேற்றுலகம் என அறியாது தொடுகின்றான். ஏனைக் கதைகளில் உரையாடல் உண்டு. உலூபி தன் காதலை வெளிப்படையாக உரைத்து, அருச்சுனன் நோன்பு கூறி மறுக்க, அறநூல் வழியே வாதிட்டு அவனை இசைவிக்கின்றாள். நச்சினார்க்கினியர் காட்டும் நாககன்னி கேட்கின்றாள், சோழன் வாக்களிக்கின்றான். அங்கு அடையாளம் உண்டு, உறுதிமொழி உண்டு, உரிமை உண்டு. பீலிவளைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவள் கேட்கவில்லை, அவன் தரவில்லை. தொண்டைக்கொடியும் மணிமேகலையில் இல்லை. வாக்கும் அடையாளமும் இருந்த மகவு கரையேறிற்று; அவை இல்லாத மகவு கரைக்கு அணித்தாக வந்தும் கைவரவில்லை.

நாகநாடு கீழுலகமா, கடல்சூழ் தீவா என்னும் வினாவும் இங்கு எழும். இக்காப்பியத்தின் நாகர் ஒரு தன்மையர் அல்லர். 16ஆம் காதையில் சாதுவன் காணும் நாகர் ஊனும் கள்ளும் உண்டு ஆடையின்றித் திரியும் மலைவாழ்நர். 8ஆம் காதையில் மணிப்பீடிகைக்காகப் போரிட்டுப் புத்தரால் அமைதியுற்றோர் நாகவேந்தர் இருவர். மகாவம்சமும் இத்தகைய பூசலை நாகதீபத்தில் வைத்துக் கூறும். 9ஆம் காதையில் நாகநாட்டு நிலம் நானூறு யோசனை பாதலத்துள் வீழும் என்னும் முன்னுரை உள்ளது. தீவு, கீழுலகு என்னும் இருநிலையும் கலந்த ஒரு நாடாகவே புலவர் அதனை வைத்துள்ளார். ஒன்றைத் தெரிந்து மற்றொன்றைத் தள்ளுவது வரலாற்றாசிரியர்க்குத் தேவைப்படலாம். கடலுக்கு அப்பாலும் நிலத்துக்குக் கீழும் ஒருங்கே இருக்கும் அந்நாட்டின் மயக்கமே காப்பியத்திற்குத் தேவை.

குலவரலாற்றுக் கருத்து

முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில், பல்லவர் என்னும் பெயர் மணிபல்லவத்தினின்று வந்ததென்றும், பீலிவளையின் மகனே அக்குலத்தின் முதல்வன் என்றும் கருதினார். பல்லவரின் வேலூர்ப்பாளையச் செப்பேடும், வீரகூர்ச்சன் என்பான் நாகவேந்தன் மகளைக் கைப்பிடித்தபோதே அரசச் சின்னங்களையும் பெற்றான் எனக் கூறுதலின், இக்கருத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு.

ஆயின் மூலநூல் இதற்கு இடந்தரவில்லை. முதலாவது, கம்பளச் செட்டியின் கலம் உடைந்தபின் மகவு பிழைத்தது என மணிமேகலையில் யாண்டும் கூறப்படவில்லை. கலத்திற் சென்றோர் மைந்தனைக் காணாது அரசனுக்கு உணர்த்தினர் என்பதே அறவண அடிகளின் கூற்று. இரண்டாவது, கடல்கோளுக்குப் பின் மணிமேகலை காஞ்சி புகும்போது அங்கு ஆள்பவன் நெடுமுடிக்கிள்ளியின் தம்பி இளங்கிள்ளி. பீலிவளையின் மகன் காஞ்சியை ஆளும் நாள் வரும் என்ற குறிப்பும் அங்கில்லை. வருவதுரைத்தல் பயின்ற இக்காப்பியத்தில் அவ்வின்மை கருதத்தக்கது. மூன்றாவது, வேலூர்ப்பாளையச் செப்பேடு நாகவேந்தன் மகளை மணந்தவனைக் கூறுகின்றதேயன்றி, அவள் வயிற்றிற் பிறந்து கடல்வழி வந்தவனைக் கூறவில்லை. சோழன் பெயரும் அங்கில்லை. அரச குலங்கள் தம் தோற்றத்தை நாகமகளொடு இணைத்துப் பெருமை கொண்ட வழக்கு தென்னாட்டில் பரவியிருந்தது என்பதற்கு இவையெல்லாம் சான்றாகும். சாத்தனார் அவ்வழக்கினை அறிந்திருத்தல் கூடும். அறிந்தும் அவர் அதனைத் தலைகீழாக்கினார் என்பதே எம் துணிபு. பிற இடங்களில் நாகமகள் கதை ஒரு குலம் தோன்றுதற்குக் கூறப்படும். இங்கோ ஒரு தலைநகர் அழிதற்குக் கூறப்படுகின்றது. இழந்த மகவைப் பிற சான்றுகளால் பிழைக்கச் செய்து அரியணை ஏற்றுவோர், புலவர் அமைத்த இழப்பினைத் தம்மையறியாமலே அழித்துவிடுகின்றனர்.

மணி இழந்த நாகம்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலையும் கானலையும் நோக்கி இரங்குபவள் பெரும்பாலும் தலைவியே. நீங்கிச் செல்பவன் தலைவனே. பீலிவளை கதையில் இம்முறை மாறுகின்றது. நீங்கியவள் அவள், கானலில் நின்று புலம்புபவன் வேந்தரை வென்ற வேந்தன். அவன் இருமுறை தேடுகின்றான். முதலில் அவளைத் தேடினான். பின்னர் அவள் மகனைத் தேடினான். இரண்டு தேடலுக்கும் களம் கானலே. இரண்டாம் தேடலைக் கூறுமிடத்துத் தீவதிலகை, நல்ல மணியை இழந்த நாகத்தை அரசனுக்கு உவமையாக்குகின்றாள்.

இவ்வுவமை வழக்கில் உள்ளதுதான். நாகம் தன் மணியை இழந்து அலமருதல் என்பது துயர் கூறும் இடங்களிற் புலவர் ஆள்வதே. ஆயினும் நாகமகளின் கதையில், நாகமகள் பெற்ற மகனை இழந்த தந்தைக்கு அதனைக் கூறும்போது அது பழைய உவமையாக நிற்கவில்லை. யார் என அறியாது கூடிய அரசன், முடிவில் அவள் இனத்தின் உருவிலேயே காட்சியளிக்கின்றான். ஒரு திங்கட் கூட்டத்தால் நீங்காத அயன்மை, மகவை இழந்த துயரால் நீங்கிற்று. ஐயம் தெளியாத களவில் அவனுக்கு வாய்த்த தெளிவு இஃது ஒன்றே எனலாம்.

நகர் அழிவின் பொறுப்பு யாரைச் சாரும்? தொடர்ச்சியை முறையே நோக்குவோம். பீலிவளை மகவை மறைக்கவில்லை. உரியவனிடம் சேர்க்கவே முயன்றாள். மணிபல்லவத்துப் பீடிகையை வலங்கொண்டு வணங்கி, அங்கு வந்திறுத்த கலத்தின் தலைவனை இன்னான் என அறிந்த பின்னரே, வேந்தன் மகன் இவன் என உணர்த்தி ஒப்படைத்தாள். காப்பியம் அவள் வாய்மொழியாகத் தருவது இவ்வொரு செய்தியையே. தன்னைப் பற்றிய சொல் அதில் இல்லை. வணிகனும் மகிழ்ந்தே ஏற்றான். கலம் கெட்டது நள்ளிருளில், கரைக்கு அணித்தாக. இவற்றுள் எவர் மாட்டும் பிழை காண்டற்கில்லை. பிழை நிகழ்ந்த இடம் விழா ஒழிந்த இடமே. மாநகர் விழாவை ஒழிந்தது எனத் தீவதிலகை கூறுகின்றாள். அரசன் தேடும் விரைவில் விழாவை மறந்தான் என அறவணர் கூறுகின்றார். முதற் காதையில் தொடித்தோட் செம்பியன் இருபத்தெட்டு நாள் நிகழ அமைத்ததாகக் கூறப்படும் அவ்விழா, ஊர் முழுவதற்கும் உரிய அறம். தன் மகனைத் தேடும் தந்தை, ஊருக்குத் தந்தையாக இருத்தலை மறந்தான். காதல் நகரை அழிக்கவில்லை. பெயர் அறியாக் காதலால் விளைந்த பெருந்துயர், அரசனை அரசனாக நில்லாவாறு செய்தது. ஆதலின் நாகமகளால் புகார் அழிந்தது என எழுதுவது நூலுக்குப் பொருந்தாத் தீர்ப்பாகும்.

இவ்விடத்து ஆசிரியரின் சமய நோக்கினையும் எண்ணுதல் வேண்டும். அறவண அடிகள், மகவு கடலுட் கெட்ட செய்தியை அடுத்து, கோவலன் முன்னோன் ஒருவன் கலமுடைந்து கடலில் ஏழு நாள் உழந்தபோது மணிமேகலா தெய்வம் அவனைக் காத்த செய்தியைக் கூறுகின்றார். அவன் பின்னர்ப் புத்தனாகும் பேறுடையவன் ஆதலின் இந்திரன் ஏவலால் காக்கப்பட்டான். ஈன்றணிமை மாறாத அரசமகவைக் காத்தார் ஒருவரும் இலர். கடலில் ஒருவனைக் காத்த தெய்வமே, கடலில் மகனை இழந்தவன் நகரைக் கடல் கொள்க எனச் சபிக்கின்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த புலவர் இம்முரணை விளக்கவில்லை. பௌத்த அறத்தின்படி வினைப்பயன் என்று கொள்ளலாம். ஆயின் அச்சொல்லை இவ்விடத்து ஆசிரியர் பெய்து துயரை ஆற்றவில்லை. நிலையாமையைக் கற்பிக்க வந்த காப்பியம், ஒரு தந்தையின் இழப்பை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சுருக்கிவிடாது விட்டமை அதன் பெருமை. கடல் நகரை விழுங்கியபோது உலகாளும் மன்னன் தனியனாகப் போயினான் என்ற அளவில் அவன் கதை முடிகின்றது. எங்குப் போயினான் என்பது கூறப்படவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. சாத்தனார், அரச குலங்கள் பெருமைக்காகப் போற்றிய நாகமகள் கதையைக் களவு மரபின் களத்தில் வைத்தார். ஐயம், பெயர் கூறாமை, கானல், இரங்கல் ஆகிய அக மரபுகளை அமைத்து, தெளிவு என்னும் ஒன்றை மட்டும் விலக்கினார். அவ்விலக்கினால், களவு கற்பாகாது அறுந்தது. இரங்கல் தலைவியிடத்தினின்று தலைவனிடம் சென்றது. ஒருவன் நெஞ்சின் இரங்கல் ஊரின் அழிவாக முடிந்தது.

மணிமேகலையின் துறவுக்கு அருகே இக்கதையை வைத்துப் பார்த்தல் மாணவர்க்குப் பயன்தரும். உதயகுமரன், மணிமேகலை யார் என அறிந்தும், அவள் காயசண்டிகை உருக்கொண்டபோது ஐயுற்று, அவ்வையத்தைத் தீர்க்க இரவிற் சென்று உயிரிழந்தான். அவன் தந்தையோ, ஐயுற வேண்டியவிடத்து ஐயுறாது மகனையும் நகரையும் இழந்தான். பிறரை அறிதல் எத்துணை அரிது என்பதும், அறியாது பற்றுதல் எத்துணைத் துயர் தரும் என்பதும் தந்தை மகன் இருவர் வாழ்விலும் ஒருங்கே காட்டப்பெறுகின்றன. மணிமேகலை பற்றினை விட்டமைக்கு அறவணர் உரைத்த அறம் ஒரு காரணம். அவளைச் சூழ்ந்தோர் பற்றினால் உற்றவை அவ்வறத்திற்குக் காப்பியம் எழுதிய உரை.

இலக்கியத்தில் வரலாறு தேடுதல் தவறன்று. தேடுமுன் புலவர் கூறாது விட்டவற்றைக் கூறாதனவாகவே காக்கவேண்டும் என்பதே யாம் வற்புறுத்துவது. பீலிவளை ஏன் வந்தாள், ஏன் சொல்லாது சென்றாள், மகவைத் தந்தபின் எங்குச் சென்றாள் என்பவற்றுக்கு நூலில் விடையில்லை. கணி வாக்கு அவள் வருகையை முன்னுரைத்தது. அவள் நெஞ்சினை உரைக்கவில்லை. நெடுமுடிக்கிள்ளிக்குத் தெளியாத ஐயம் நமக்கும் தெளியாததாக விடப்பட்டுள்ளது. அவளை ஒரு குலத்தின் தாயாகவோ ஒரு நகரின் கூற்றமாகவோ ஆக்கி அவ்வையத்தைத் தீர்த்துக்கொள்வது எளிது. புன்னை நிழலில் நின்ற, பெயர் அறியப்படாத இளமகளாகவே அவளைக் காண்பது அரிது. நூலுக்கு உண்மையானதும் அதுவே.